அத்தையின் தண்ணீர் டம்ளரும் ஐசுவரியவானும்: உவமையை உவமையாகவே வாசிப்பது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அத்தை, மாமாவின் படத்துக்கு முன்னால் தினமும் இரவு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். காலையில் எடுத்து பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். தாத்தா காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். "மாமா நாக்கு காயுமேடா" என்றார்.

மாமா சர்ச்சுக்கு அவ்வளவாக வராதவர். வருஷம் முழுக்க டாக்சி ஓட்டினார், கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவர் இறந்த மூன்றாம் நாள் ஜெபத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தை எடுத்து, ஐசுவரியவான் பாதாளத்தில் வேகிறதையும் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிறதையும் முக்கால் மணி நேரம் விவரித்தார். இயேசு சொன்ன கதை அது: லாசரு என்ற ஏழை ஒரு பணக்காரனின், அதாவது ஐசுவரியவானின், வாசலில் பருக்களோடு கிடக்கிறான். இருவரும் சாகிறார்கள், லாசரு ஆபிரகாமின் மடிக்கும் ஐசுவரியவான் பாதாளத்துக்கும் போகிறார்கள், நடுவில் ஒரு பெரும்பிளப்பு. என் ஐந்து சகோதரரை எச்சரிக்க லாசருவை அனுப்பும் என்று ஆபிரகாமிடம் கேட்பதற்கு முன்னால், விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாக்கைக் குளிரப்பண்ண அவனை அனுப்பும் என்றுதான் ஐசுவரியவான் கெஞ்சுகிறான். அந்தச் சொட்டுதான் அத்தை வீட்டில் ஒரு டம்ளராகிவிட்டது.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் பிரிக்பீல்ட்ஸில் வியாழக்கிழமைதோறும் எட்டுப் பத்துப் பேர் கூடும் ஒரு வேதபாடக் குழுவை நடத்த வேண்டி வந்தது, இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. எப்படி வாசிக்க வேண்டும் என்று நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. பைபிளைப் பொய் என்று சொல்ல வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரகம் உண்டா, செத்தபின் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி, அதற்கு வேறு வசனங்கள் இருக்கின்றன. இந்தக் கதையை அதற்கு வரைபடமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் கையால் அதிகார எண்ணை மறைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை, புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் வந்தவை, லூக்கா எழுதும்போது இரண்டும் கிடையாது. எண்ணை மறந்துவிட்டு 15ஆம் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்தால், காணாமற்போன ஆடு, காசு, மகன், அப்புறம் எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரன், அப்புறம் ஐசுவரியவான் என்று எல்லாம் ஒரே பேச்சாக ஓடுவது தெரியும். நடுவில், 16:14இல், பொருளாசைக்காரரான பரிசேயர் (யூதரில் வேதசட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பிரிவினர்) இதையெல்லாம் கேட்டு இயேசுவைப் பரியாசம் பண்ணினார்கள் என்று ஒரு வரி வருகிறது. ஐந்து வசனம் தள்ளி ஐசுவரியவான் கதை ஆரம்பிக்கிறது. அதாவது பணத்தைப் பற்றிப் பேசியதற்குச் சிரித்தவர்களைப் பார்த்து, அந்தச் சிரிப்பு அடங்குமுன் சொன்ன கதை இது. மறு உலகம் எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குக் கதையிலிருந்து பதில் பிடுங்கும்போதுதான் பாதித் தப்பு நடக்கிறது.

அடுத்து, இது உவமைதானா என்று பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் யாராவது ஒருவர் கண்டிப்பாக இதைப் பிடித்துக்கொள்வார்: "உவமை என்று இங்கே எழுதவில்லையே அண்ணே, லாசரு என்று பெயர் வேறு போட்டிருக்கிறதே, அப்படியானால் நடந்த சம்பவம்தானே?" நல்ல கேள்வி, அதை அடக்கக் கூடாது. ஆனால் வழியில் கள்ளர் அடித்துப்போட்டவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையிலும் உவமை என்ற சொல் இல்லை. ஊதாரி மகன் கதை "ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்று நேராகத் தொடங்கிவிடுகிறது. நம் கதை "ஐசுவரியமுள்ள ஒரு மனுஷன் இருந்தான்" என்று தொடங்குகிறது, அதே அதிகாரத்தில் உக்கிராணக்காரன் கதையும் ஐசுவரியவானாகிய ஒரு மனுஷனை வைத்துத்தான் தொடங்குகிறது. பாட்டி "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று ஆரம்பித்தால் எந்த ஊர், எந்த ராஜா என்று நாம் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர் கேட்பதில்லை, அந்த மாதிரி ஒரு தொடக்கம் இது.

பெயர் விஷயம் இன்னும் சுவையானது. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் வைத்து ஒருவரைச் சொன்னது இந்த ஒன்றில்தான். லாசரு என்பது எலெயாசார் என்ற எபிரெயப் பெயரின் சுருக்கம், தேவன் உதவினார் என்று பொருள். வாசலில் கிடந்தவனுக்கு மனிதர் யாரும் உதவவில்லை, நாய்கள் வந்து பருக்களை நக்கின, அவன் பெயரோ இது. பெயரே கதையின் ஒரு பாகமாக வேலை செய்கிறது. யோவான் 11இல் கல்லறையிலிருந்து எழுந்து வரும் லாசரு வேறு ஆள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது தமிழ்ப் பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு இது சுலபம். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" என்று வலியறிதல் அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். குறள் அதோடு நின்றுவிடுகிறது. சொல்ல வந்தது அரசனைப் பற்றி, மெலியவர்தானே என்று பல பகைவரைச் சேர்த்துக்கொண்டால் அவன் கதையும் முடியும் என்று. ஆனால் அரசன் என்ற சொல்லே குறளில் கிடையாது. உவமையை மட்டும் சொல்லிப் பொருளைக் கேட்பவரே எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவதற்குப் பிறிதுமொழிதல் அணி என்று பெயர். எத்தனை கிலோ மயிலிறகு ஏற்றினால் அச்சு முறியும் என்று கணக்குப் போட்ட தமிழாசிரியரை நான் இதுவரை சந்தித்ததில்லை. இயேசுவின் உவமைகளில் நிறைய இதே மாதிரிதான். குறளை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த நாம், லூக்காவைத் திறந்ததும் ஏன் தராசைத் தேடுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, சொல்லுக்குச் சொல் எடுத்தால் எங்கே இடிக்கிறது என்று சோதித்துப் பாருங்கள். இந்த வேலையை அவசரப்படாமல் செய்ய வேண்டும், பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் நல்லது. ஐசுவரியவான் அடக்கம் பண்ணப்பட்டான் என்று கதையே சொல்கிறது, உடம்பு கல்லறையில் இருக்கிறது, ஆனால் அவனுக்குக் காய்வதற்கு நாக்கு இருக்கிறது, லாசருவுக்குத் தண்ணீரில் தோய்க்க விரல் நுனி இருக்கிறது. யாரும் கடக்க முடியாத பெரும்பிளப்பு, ஆனால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. எரிகிறவன் ஒரு குடம் கேட்கவில்லை, ஒரு சொட்டுக் கேட்கிறான். இவற்றைவிடப் பெரிய இடி ஒன்று உண்டு: ஐசுவரியவான் எதற்காக அங்கே போனான்? கொலை செய்தான், பொய்த் தெய்வத்தைக் கும்பிட்டான் என்று ஒரு வார்த்தை இல்லை. நீ பூமியில் நன்மைகளை அனுபவித்தாய், லாசரு தீமைகளை அனுபவித்தான், இப்போது அவன் தேற்றப்படுகிறான், நீ வேதனைப்படுகிறாய் என்கிறார் ஆபிரகாம். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் ஏழையாய் இருப்பதே பரலோகத்துக்கு டிக்கெட், வசதியாய் இருந்ததே குற்றம் என்று ஆகிறது. அப்படியானால் மிருகஜீவன், வெள்ளி, பொன் என்று நிறைய ஆஸ்தி வைத்திருந்ததாக ஆதியாகமம் 13 சொல்லும் அந்த ஆபிரகாம் எப்படி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்?

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நெருப்பை அப்படியே எடுக்க வேண்டும் என்று மேசையைத் தட்டுகிறவர்கள் யாரும் பணக்காரன் என்பதை அப்படியே எடுப்பதில்லை. அங்கே மட்டும் "அது மனநிலையைக் குறிக்கிறது பிரதர்" என்று மெதுவாக நழுவிவிடுவார்கள். எடுத்தால் இரண்டையும் அப்படியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் உவமையாக எடுக்க வேண்டும். டாக்சி ஓட்டிய மாமாவை ஐசுவரியவான் ஆக்கிய அந்தப் பிரசங்கியார் வந்து இறங்கிய காரின் விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வேறு உவமைகளிலும் இதே சோதனையைப் போட்டுப் பழகலாம். அநீதியுள்ள உக்கிராணக்காரனை அப்படியே எடுத்தால், கணக்கில் கை வைத்தவனை எஜமான் மெச்சிக்கொள்கிறான், நாமும் அப்படிச் செய்யலாம் என்று ஆகிவிடும். (தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் உக்கிராணக்காரனுக்குப் பதிலாகக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, என்று சொல்லிப் பாருங்கள், நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்று எழுதிக்கொள் என்ற இடம் வந்ததும் அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் விளக்கமே தேவைப்படாது.) விளக்கெண்ணெய் தீர்ந்தவர்களுக்கு மற்றவர்கள் பங்கு தராத பத்துக் கன்னிகைகள் கதையை அப்படியே எடுத்தால், பக்கத்து வீட்டுக்காரி எண்ணெய் கேட்டால் கொடுக்காதே என்பதுதான் பாடம். விதவையின் தொல்லை தாங்காமல் தீர்ப்புக் கொடுக்கும் நியாயாதிபதி, கடவுளுக்குச் சமமாகிவிடுவான். இந்த மூன்றையும் யாரும் அப்படி எடுப்பதில்லை. அப்போது நாம் எல்லோருக்கும் உவமையாக வாசிக்கத் தெரியும், சில இடங்களில் மட்டும் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறோம்.

எண்களைக் கண்டால் நின்று நிதானமாகக் கணக்குப் போடுங்கள். மத்தேயு 18இல் ராஜாவிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன் வைத்திருக்கிறான், அவனிடம் இன்னொருவன் நூறு வெள்ளிப்பணம் கடன் வைத்திருக்கிறான். நம் ஊர்ச் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை. ரிங்கிட்டை நாம் வெள்ளி என்று சொல்கிறோம் அல்லவா, அதனால் நூறு வெள்ளி என்றதும் ஒருமுறை கிளாங் பசாருக்குப் போய் வந்தால் தீர்ந்துபோகிற காசு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் ஒன்று ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து என்றால் அப்படி 6,000. இப்போது நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. அப்படியானால் சின்னக் கடன் 6,500 வெள்ளி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலை, சும்மா விட்டுவிடக்கூடிய காசு இல்லை. பெரிய கடன் 6 கோடி நாள் கூலி, கிட்டத்தட்ட 390 கோடி வெள்ளி, வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் சொல்லும்போது அன்றைக்குக் கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்த ராஜாவும் ஒரு வேலைக்காரனுக்கு அவ்வளவு கடன் கொடுக்க மாட்டான். எண் இப்படி வானத்துக்குப் போனால், இதை நடந்த கதையாகக் கேட்காதே என்று சொல்கிறவரே கண் சிமிட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காகக் கதையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ரகசிய அர்த்தம் தேடிக் கிளம்பிவிடக் கூடாது. இது எதிர்ப்பக்கப் பள்ளம், பெரிய பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள். பழைய காலத்துச் சபைப் பெரியவர் அகுஸ்தீன் நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனை ஆதாம் என்றார், கள்ளர்களைப் பிசாசும் அவன் தூதரும் என்றார், சத்திரத்தைச் சபை என்றார், சத்திரக்காரனை அப்போஸ்தலன் பவுல் என்றார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிறன் யார் என்று இயேசுவிடம் கேட்டு அந்தக் கதையை வரவழைத்த நியாயசாஸ்திரிக்கு (வேதசட்டம் படித்தவர்), பவுல் என்ற ஆளையே அன்றைக்குத் தெரியாதே. எங்கள் குழுவிலும் ஒருவர் ஐசுவரியவானின் ஐந்து சகோதரர்களை ஐம்புலன் என்றார், நாய்களுக்கும் ஏதோ ஒன்று வைத்திருந்தார். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: அன்றைக்கு எதிரில் நின்று கேட்டவருக்கு அந்த அர்த்தம் பிடிபட்டிருக்குமா? பிடிபடாது என்றால் அதை நாம்தான் உள்ளே வைக்கிறோம். விதைக்கிறவன் உவமையும் களைகள் உவமையும் விதிவிலக்கு, அங்கே விதை இது, நிலம் இது, அறுக்கிறவர்கள் இவர்கள் என்று இயேசுவே பிரித்துச் சொல்லிவிடுகிறார்.

சொல்லுக்குச் சொல் எடுக்கிறவர்களும் ஒருவகையில் இதே ஆர்வத்தில்தான் போகிறார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற பாதையில் நல்ல சமாரியன் சத்திரம் என்றே ஓர் இடம் இருக்கிறது, பழைய மொசைக் தரைகளை வைத்து அங்கே ஒரு அருங்காட்சியகமே நடக்கிறது. கதையில் வந்த சத்திரத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது! ஆனால் அந்தப் பாதை கதைக்குத் தேவைதான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே, எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே, முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத வழியில் ஆயிரம் மீட்டர் இறக்கம், பாறையும் பொட்டலும். அது ஆபத்தான வழி என்று கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். உவமையாக வாசிப்பது என்றால் இந்த விவரங்களைத் தூக்கிப் போடுவது இல்லை. விவரம் எதற்கு வேலை செய்கிறது என்று பார்ப்பது.

அந்தப் பார்வையோடு ஐசுவரியவானிடம் திரும்பி வாருங்கள், இப்போது வேறு விவரங்கள் கண்ணில் படும். முதலில் வாசல் இருக்கிறது, கடைசியில் பெரும்பிளப்பு இருக்கிறது. வாசலை அவன் எந்த நாளும் திறந்திருக்கலாம், பிளப்பைத் திறக்க முடியாது. பாதாளத்தில் இருந்துகொண்டும் அவன் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆபிரகாமிடம்தான் பேசுகிறான்: அவனை அனுப்பும், தண்ணீர் கொண்டு வரட்டும், அவனை அனுப்பும், என் சகோதரருக்குச் சொல்லட்டும். செத்த பிறகும் லாசரு அவனுக்கு எடுபிடிதான். அப்புறம், நான் பலமுறை வாசித்தும் கவனிக்காமல் விட்ட ஒன்று: அவனுக்கு லாசருவின் பெயர் தெரிந்திருக்கிறது. வாசலில் கிடந்தவன் யார் என்று தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது. ஐந்து சகோதரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று கதை சொல்வதில்லை. ஊதாரி மகனின் அண்ணன் வீட்டுக்குள் வந்தானா என்று சொல்லாமல் விட்டது மாதிரியே இதுவும் திறந்தபடி நிற்கிறது, ஏனென்றால் அந்த ஐவரும் பணம் என்றதும் சிரித்தவர்களாக எதிரிலேயே நிற்கிறார்கள்.

சரியாக வாசித்தோமா என்று தெரிந்துகொள்ள தாவீதை வைத்துப் பார்க்கிறேன். 2 சாமுவேல் 12இல், உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜா தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த பணக்காரன் கதையைச் சொல்கிறார். தாவீது அதை நடந்த வழக்கு என்றே நினைத்து, அந்த மனுஷன் சாக வேண்டும், ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறான். சொல்லுக்குச் சொல் எடுத்த முதல் வாசகன் அவன்தான் என்று எங்கள் குழுவில் சொல்லுவேன். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் உவமை வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஆகவே "உவமைதானே, நெருப்பு கிருப்பு எதுவும் இல்லை" என்று ஒருவர் நிம்மதியாகப் பைபிளை மூடினால், அவரும் தவறாகத்தான் வாசித்திருக்கிறார்.

போன வருஷம் இதை நடத்தி முடித்தபோது எட்டரை மணி இருக்கும், கோரெங் பிசாங் தீர்ந்து தே ஓ மட்டும் மிச்சம். குழுவில் வயதில் மூத்த ஓர் ஐயா, வழக்கமாக வாயே திறக்காதவர், கேட்டார்: "நாம சாப்பிடப் போற கடை வாசல்ல டிஸ்யூ விக்கிறாரே, கண்ணு தெரியாதவரு, அவரு பேரு என்ன?" பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் அந்தப் பக்கம் அப்படி விற்கிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஒன்பது பேர் இருந்தோம், வாரா வாரம் அவரிடம் டிஸ்யூ வாங்குகிறோம். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அந்த விதத்தில் ஐசுவரியவான் எங்களைவிட ஒரு படி மேலே.

கடைசியாக ஒரு விஷயம், இதை யாருக்கு எப்போது சொல்வது என்பது. துக்க வீட்டில் உட்கார்ந்து பிறிதுமொழிதல் அணியையும் 1551ஐயும் எடுத்து வைக்காதீர்கள். அத்தையிடம் நான் மாதக்கணக்கில் எதுவும் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே பைபிளை நீட்டி, நீதான் பாடம் நடத்துறியே, காட்டு என்றார். நான் இரண்டு இடங்களை மட்டும் காட்டினேன். பரியாசம் பண்ணினவர்களுக்குச் சொன்ன கதை இது என்பது ஒன்று. எரிகிறவனைக்கூட ஆபிரகாம் "மகனே" என்று கூப்பிடுகிற இடம் இன்னொன்று. அத்தை அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மாமா பணக்காரனே இல்லையே என்றார், சிரித்தார், அப்புறம் அழுதார்.

டம்ளர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "நீ சொல்றது சரிதான்டா, இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எறும்பு விழுகிறதென்று இப்போது அதற்கு ஒரு மூடி வாங்கியிருக்கிறார்.